அண்மையிலுள்ள வாசல்: உள்நாட்டுப் பொருளும் வெளிநாட்டுப் பொருளும்





புனித ரமழானின் இறுதிப் பத்து நாட்களில் நமது கடைத்தெருக்கள் நிரம்பி வழிவதை ஒவ்வொரு வருடமும் காண்கின்றோம். தந்தை ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பெருநாள் உடுப்பு வாங்கத் துணிக்கடைக்குள் நுழைகின்றார். கடைக்காரர் ஒரு சேர்ட்டை விரித்துக் காட்டி, "இது வெளிநாட்டுச் சாமான் ஹாஜியார், நம்பி எடுக்கலாம்" என்கின்றார். மகனின் முகம் மலர்கின்றது. கீழ்த்தட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் கைத்தறிச் சாரத்தைத் தந்தை தொட்டுப் பார்க்கின்றார். "அது நம்ம ஊர்ச் சாமான் வாப்பா" என்று மகன் அவருடைய கையைப் பிடித்து இழுக்கின்றான்.

"நம்ம ஊர்ச் சாமான்" என்ற சொல் எப்பொழுது ஓர் இழிசொல்லாக மாறியது? வெளிநாட்டுப் பொருளை வாங்குவது குற்றமா? உள்நாட்டுப் பொருளை வாங்குவது கடமையா? இவ்வினாக்களை மார்க்கத்தின் ஒளியிலும், நமது நாட்டின் அனுபவத்தின் வெளிச்சத்திலும் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

மார்க்கம் கதவை அடைக்கவில்லை

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். பிற நாட்டில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தினால் எந்தப் பொருளும் ஹராமாவதில்லை. குறைஷியரின் மாரிகால, கோடைகால வியாபாரப் பயணங்களை அல்லாஹு தஆலா தன் அருட்கொடையாகவே அல்குர்ஆனில் நினைவூட்டுகின்றான். "குறைஷ்" என்ற பெயரிலேயே ஒரு சூரா இருக்கின்றது. விளைச்சலற்ற மக்கா நகரம் தூரதேச வர்த்தகத்தினால்தான் உணவு பெற்றது.

ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டின் தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்து ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள் என்பதை முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதன் கைகள் மிகவும் ஒடுக்கமாக இருந்தமையால், வுழூச் செய்யும்போது நபியவர்கள் தம் கரங்களை ஜுப்பாவின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்ற நுணுக்கமான விபரமும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அக்காலத்தில் ஷாம் ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அந்த ரோமரை எதிர்நோக்கிப் புறப்பட்ட பயணத்திலேயே அவர்களது ஆட்சிப்புலத்து ஆடையை நபியவர்கள் அணிந்திருந்தார்கள் என்றால், பொருளுக்கும் பகைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஆயினும், ஆகுமானது என்பது வேறு. சிறந்தது என்பது வேறு. ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்கு இரண்டு அண்டை வீட்டார் இருப்பதாகவும், அவர்களுள் யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்றும் நபியவர்களிடம் வினவினார்கள். எவருடைய வாசல் அண்மையில் உள்ளதோ அவருக்கு என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். தூரத்து அண்டை வீட்டார் தீயவர் என்று அவர்கள் கூறவில்லை. அவரது உரிமையை மறுக்கவுமில்லை. இருவருக்கும் கொடுக்க இயலாதபோது அண்மையிலுள்ள வாசலுக்கு முன்னுரிமை உண்டு என்று மட்டுமே கற்பித்தார்கள்.

அன்பளிப்பு வேறு, வியாபாரம் வேறு என்று நீங்கள் கூறலாம். அது உண்மைதான். எனினும், நாம் ஒரு பொருளை வாங்கும்போது பணம் கடைக்காரரின் இழுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. அது யாரோ ஒருவருடைய அடுப்பை எரியச் செய்கின்றது. அந்த அடுப்பு யாருடையது என்று சிந்திக்கும் இடத்தில் இந்த நபிமொழியின் ஒளி நமக்கு உதவுகின்றது.

தறியின் ஓசை

கிழக்கிலங்கையின் மருதமுனைக் கிராமத்தை அறியாதவர் நம்மில் குறைவு. நெசவுத் தொழிலினால் புகழ்பெற்ற முஸ்லிம் கிராமம் அது. மருதமுனைச் சாரமும் சாரியும் நாடெங்கும் பெயர் பெற்றவை.

1970 முதல் 1977 வரையான காலப்பகுதியில் நமது நாட்டில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளிநாட்டுத் துணி அரிதாக இருந்தமையால் நாடு முழுவதிலும் கைத்தறிகள் பெருகின. யாழ்ப்பாணத்து விவசாயிகள் வெங்காயத்தினாலும் மிளகாயினாலும் செழித்தார்கள். அதே வேளையில், பாணுக்காகப் பொதுமக்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற துயரமும் அக்காலத்திற்கே உரியது. உங்கள் வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டால் இரண்டு கதைகளையும் கூறுவார்கள்.

1977 ஆம் ஆண்டில் ஆட்சி மாறியதும் திறந்த பொருளாதாரக் கொள்கை அறிமுகமானது. கடைகளில் பொருட்கள் நிறைந்தன, வரிசைகள் மறைந்தன. ஆனால், பெரிய ஆலைகளில் நெய்யப்பட்ட மலிவான வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தபோது கைத்தறியினால் விலையில் போட்டியிட முடியவில்லை. நாட்டின் பல பாகங்களிலும் தறிகள் ஓய்ந்தன. மருதமுனையும் அதற்கு விலக்கன்று. பின்னர் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அக்கிராமத்தைக் கடுமையாகத் தாக்கி, உயிர்களோடு உடைமைகளையும் தொழிற்கருவிகளையும் அள்ளிச் சென்றது. இத்தனைக்குப் பின்னும் அங்கு தறியின் ஓசை முற்றாக அடங்கிவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும், தந்தையின் தறியில் அமர மகன் விரும்பாத நிலையை நாம் காண்கின்றோம். தொழில் அழிவதற்கு மலிவான இறக்குமதி ஒரு காரணம் என்றால், "நம்ம ஊர்ச் சாமான்" என்று நாம் முகம் சுளிப்பது மற்றொரு காரணமாகும்.

ஒரு ரூபா எங்கே போகின்றது?

இதை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்வோம். நீங்கள் வெளிநாட்டுச் சாரம் ஒன்றை வாங்குகின்றீர்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் கடைக்காரரின் இலாபமும், லொறிக்கூலியும், சுங்கவரியும் இங்கே தங்குகின்றன. எஞ்சியது டொலராக மாறி நாட்டை விட்டு வெளியேறுகின்றது.

இப்பொழுது ஒரு கைத்தறிச் சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நூலும் சாயமும் பெரும்பாலும் இறக்குமதி செய்யப்பட்டவையே. எனவே, அதற்கான பணம் வெளியே செல்லத்தான் செய்கின்றது. உலகமயமான இக்காலத்தில் முழுக்க முழுக்க உள்நாட்டுப் பொருள் என்று எதையும் காண்பது கடினம். ஆயினும் அந்த நூலுக்குச் சாயமேற்றுபவர் ஒருவர். அதை உலர்த்திச் சுற்றுபவர் ஒரு பெண். பாவு போடுபவர் வேறொருவர். தறியில் அமர்ந்து நெய்பவர் இன்னுமொருவர். இவர்கள் அனைவரது கூலியும் இந்த மண்ணிலேயே தங்குகின்றது. அந்தக் கூலி மறுநாள் மீன்காரரிடம் செல்கின்றது. அரிசிக் கடைக்குச் செல்கின்றது. பிள்ளையின் பாடப் புத்தகமாகின்றது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் உண்டியலுக்கும் வருகின்றது. ஒரு ரூபா பல கைகளைக் கடந்து பல குடும்பங்களைத் தொட்டுச் செல்கின்றது.

ஆகவே, "இது எந்த நாட்டுப் பெயரைத் தாங்கியுள்ளது?" என்பதைவிட, "இதில் எத்தனை பேரின் உழைப்பு நம் மத்தியில் தங்குகின்றது?" என்பதே பொருத்தமான வினாவாகும்.

பாலைவனத்தில் சிந்திய வியர்வை

இளைஞர்களே! நமது நாட்டிற்கு டொலர் எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பார்த்திருக்கின்றீர்களா? நம்மில் பலருடைய தாய்மார், சகோதரிகள், தந்தையர், சகோதரர்கள் வளைகுடா நாடுகளில் வீடுகளிலும் கட்டட வேலைத்தளங்களிலும் உழைக்கின்றார்கள். 2020 ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் பணிபுரியும் இலங்கையர் உத்தியோகபூர்வ வழியாக அனுப்பிய தொகை ஏறத்தாழ 710 கோடி டொலராகும். நாணய மாற்று விகிதம் செயற்கையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் பலர் உண்டியல் முறையை நாடியமையால், 2022 ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 380 கோடி டொலராக வீழ்ச்சியடைந்தது.

அந்த 2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மார்ச் மாத ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. எரிபொருளுக்கும், சமையல் எரிவாயுவுக்கும், பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். மருந்து கிடைக்காமல் நோயாளிகள் தவித்தார்கள்.

இந்நெருக்கடிக்குக் கடன் சுமை, வரிக்குறைப்பு, சுற்றுலாத்துறையின் வீழ்ச்சி எனப் பல காரணங்கள் இருந்தன. நீங்கள் வாங்கிய ஒரு சப்பாத்தினால் நாடு வங்குரோத்தாகிவிடவில்லை. ஆயினும், ஒரு பாடம் மறுக்க முடியாதது. நாம் டொலரை எல்லையின்றி அச்சிட முடியாது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தேவைப்படுவது எந்த டொலரோ, அதே டொலர்தான் வீண் ஆடம்பரப் பொருளுக்கும் செலவாகின்றது. பிறர் வீட்டில் பாத்திரம் கழுவி ஒரு தாய் அனுப்பிய பணம், அவரது பிள்ளை ஆறு மாதத்திற்கு ஒரு முறை மாற்றும் கைத்தொலைபேசியாக மீண்டும் கடல் கடந்து செல்வது எத்துணை வேதனைக்குரியது! வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்குர்ஆன் எச்சரிப்பதன் ஆழத்தை இவ்விடத்தில் உணர முடிகின்றது.

கதவை மூடினால் யாருக்கு நட்டம்?

அப்படியானால், "வெளிநாட்டுப் பொருளே வேண்டாம்" என்று கதவை அடைத்துவிடலாமா? இல்லை. அதன் விளைவையும் நாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. போதிய மாற்று ஏற்பாடு இருக்கவில்லை. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அவ்வாண்டு நவம்பர் மாதம் தடை தளர்த்தப்பட்டபோதிலும் அதற்குள் பாதிப்பு ஏற்பட்டுவிட்டது. அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ச்சியடைந்து, அரிசியையே இறக்குமதி செய்யும் நிலை உருவானது. நல்ல நோக்கம் இருந்தாலும், ஆயத்தமின்றிக் கதவை மூடினால் முதலில் பாதிக்கப்படுபவர் ஏழை விவசாயியும் ஏழை நுகர்வோருமே.

மேலும், நாம் விற்பவர்களாகவும் இருக்கின்றோம். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக ரீதியாகத் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையின் பயனை இன்று ஈராக்கியரும் துருக்கியரும் பருகுகின்றார்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான கடனைத் தேயிலையால் அடைப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்படிக்கை செய்யப்பட்டது. பேருவளையில் நம் சகோதரர்கள் விற்கும் மாணிக்கக் கற்களை வாங்குவோர் பெரும்பாலும் வெளிநாட்டவரே. 1978 இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலும் ஏனைய இடங்களிலும் இலட்சக்கணக்கான யுவதிகளும் இளைஞர்களும் ஆடை தைத்து வாழ்கின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தனது வரிச்சலுகையை 2010 ஆம் ஆண்டில் நமக்கு நிறுத்தி, 2017 இல் மீண்டும் வழங்கியது. அந்த இடைக்காலம் முழுவதும் நமது ஏற்றுமதியாளர்கள் பட்ட கவலையை நாடே அறியும். "நமது நாட்டுப் பொருளை மட்டுமே வாங்குவோம்" என்று உலகிலுள்ள ஒவ்வொருவரும் தீர்மானித்தால் இவர்கள் அனைவரது பிழைப்பும் என்னவாகும்?

பெருநாளுக்கு வாங்கிய வெளிநாட்டுப் பெயர் கொண்ட சேர்ட்டின் கழுத்துப் பட்டியை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அது இலங்கையில் தைக்கப்பட்டது என்று எழுதியிருக்கவும் கூடும். வெளிநாட்டுச் சாமான் என்று நாம் பெருமைப்பட்டது நமது சகோதரி ஒருவர் தைத்ததாக இருக்கலாம்!

"நம்மவர்" என்ற சொல்லின் அபாயம்

இன்னுமொரு விடயத்தில் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். "நம்மவரிடம் வாங்கு" என்ற நல்ல சொல், "மற்றவரிடம் வாங்காதே" என்ற தீய சொல்லாக மாறுவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி நிகழ்ந்த கொடிய குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர், அக்குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம் வர்த்தகர்களின் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு நாட்டின் பல பகுதிகளில் பிரசாரம் செய்யப்பட்டது. அந்த வேதனையை அனுபவித்த நாம், அதே அளவுகோலைப் பிறர் மீது பிரயோகிக்கலாமா?

நபியவர்கள் ஒரு யூதரிடம் தமது போர்க்கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை வாங்கியிருந்தார்கள். அவர்கள் வபாத்தானபோதும் அக்கவசம் அடகிலேயே இருந்தது. மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள், தமது அன்ஸாரிச் சகோதரர் கொடுக்க முன்வந்த பாதிச் சொத்தை அன்போடு மறுத்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். அவர்கள் சென்று நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று முன்னேறியது பனூ கைனுகா என்ற யூதக் கோத்திரத்தாரின் சந்தையில்தான்.

தன் மக்களை நேசிப்பது இனவெறியல்ல. அநியாயத்தில் தன் மக்களுக்குத் துணை நிற்பதே இனவெறி என்ற கருத்துடைய ஓர் அறிவிப்பு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எனவே, அண்மையிலுள்ள வாசல் என்பது முஸ்லிமின் வாசல் மட்டுமல்ல. மருதமுனையின் நெசவாளியும், மலையகத்தின் தேயிலைத் தொழிலாளியும், யாழ்ப்பாணத்தின் வெங்காய விவசாயியும், பொலன்னறுவையின் நெல் விவசாயியும் நமது அண்டை வீட்டாரே.

உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும்

முன்னுரிமை கேட்பவருக்குப் பொறுப்பும் உண்டு. உள்நாட்டுப் பொருள் என்ற பெயரில் சாயம் கழன்றுபோகும் துணியையும், நிறை குறைந்த பொதியையும் விற்றால், வாங்குபவர் ஒரு முறை ஏமாறுவார். மறு முறை வெளிநாட்டுப் பொருளையே தேடுவார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபியவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். ஆலைத் துணியைக் கைத்தறி என்று கூறி விற்பதும், உள்நாட்டுப் பொருளில் வெளிநாட்டு முத்திரையை ஒட்டி விற்பதும் இந்த எச்சரிக்கைக்குள் அடங்குபவையே.

தொழிலாளியின் வியர்வை உலர முன்னர் கூலியைக் கொடுக்குமாறு மார்க்கம் ஏவுகின்றது. நெசவாளிக்குச் சொற்பக் கூலியைக் கொடுத்துவிட்டு, நகரத்தில் பன்மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகர், உள்நாட்டுக் கைத்தொழிலைக் காப்பவர் அல்லர்.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

பெற்றோர்களே! கடைக்குச் செல்லும் முன் பிள்ளைகளோடு அமர்ந்து நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: இது நமக்குத் தேவையா? தேவையற்றது எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் வீண்விரயமே. உள்நாட்டுப் பொருள் என்பதற்காக வீண்விரயம் நன்மையாகிவிடாது.

இரண்டாவது: இது நமது நாட்டில் கிடைக்கின்றதா? கோதுமை இங்கு விளைவதில்லை. மைசூர்ப் பருப்பும் பேரீச்சம்பழமும் கடல் கடந்தே வருகின்றன. மருந்துகளில் பெரும்பாலானவையும் அவ்வாறே. இவற்றை வாங்குவதில் குற்றவுணர்வு வேண்டியதில்லை. ஆனால், அரிசிமாவில் செய்யும் இடியப்பமும் பிட்டும் இருக்க, மூன்று வேளையும் கோதுமையையே நாட வேண்டுமா? நோன்பு திறக்க நமது மாம்பழமும் தோடம்பழமும் இளநீரும் இருக்க, போத்தல் பானம் எதற்கு?

மூன்றாவது: தரமும் விலையும் எவ்வாறு? தரம் சமமாகவும் விலை வேறுபாடு தாங்கக்கூடியதாகவும் இருந்தால் அண்மையிலுள்ள வாசலைத் தேர்ந்தெடுங்கள். வசதி குறைந்த குடும்பம் மலிவான வெளிநாட்டுத் துணியை வாங்கினால் அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. இந்தப் பொறுப்பு வசதி படைத்தோர் மீதே அதிகம் சார்கின்றது.

நான்காவது: இதை நாம் வாங்குவது பயனுக்கா, பெருமைக்கா? பெயர் பொறித்த சப்பாத்து பாதத்தைக் காப்பதற்கா, அல்லது பள்ளித் தோழனின் முன் தலை நிமிர்வதற்கா? பெருமைக்காக வாங்கப்படும் பொருள் வாங்குபவரின் உள்ளத்தையே முதலில் ஏழையாக்குகின்றது.

இளைஞர்களே! வாங்குவதோடு உங்கள் பங்கு முடிவடைவதில்லை. நமது உம்மம்மாமார் பின்னிய பன்பாயும், நமது ஊர்களின் கைத்தறியும் நல்ல வடிவமைப்பையும், நேர்மையான சந்தைப்படுத்தலையும், கணினி அறிவையும் எதிர்பார்த்து நிற்கின்றன. கற்ற பிள்ளை தறியின் பக்கம் திரும்புவது இழிவல்ல. நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்பதை நபியவர்கள் நமக்கு எடுத்துக் கூறியுள்ளார்கள்.

இவ்வருடப் பெருநாளுக்கு வீட்டில் ஒருவருக்காவது நமது நாட்டில் நெய்த ஓர் ஆடையை எடுத்துப் பாருங்கள். அதை அணியும்போது, "இதை நெய்தவர் யார், எந்த ஊர்?" என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். "நம்ம ஊர்ச் சாமான்" என்று அப்பிள்ளை அடுத்த முறை கூறும்போது, அச்சொல்லில் வெட்கம் இராது, நன்றியுணர்வே இருக்கும்.

வல்ல அல்லாஹ் நமது வருமானத்தில் ஹலாலையும், நமது செலவில் நடுநிலையையும், நமது நாட்டில் பரக்கத்தையும் ஏற்படுத்துவானாக! நம் ஒவ்வொருவரையும் அண்டை வீட்டாருக்குப் பயனுள்ளவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.